அறுநூற்று நாற்பது எலிகள்

சத்தியநாதன் எஃப் சாவியைக் குத்தினான். எலி செத்தது. அடுத்த எலி வந்தது.

பக்கத்து அறையில் அப்பா கட்டில் கம்பியைக் கரண்டியால் அடித்தார். மூன்று அடி. மூன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தொண்டையில் வந்த கட்டி ஜீவரத்தினத்தின் குரலை முழுக்க அடைத்து மூன்று வாரம் ஆகிறது. அதிலிருந்து அவருக்குக் கரண்டிதான் வாய்.

"இரு நைனா, வந்துக்கினே இருக்கேன்" என்றான் சத்தியநாதன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னும் முப்பத்தொரு எலி இருந்தது.

ஆட்டத்தில் ஒரு குகை. விளையாடுகிறவன் வாளேந்திய ஒரு வீரன். குகையின் கோடியில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. பத்தாம் படிக்கு ஏறியவனுக்குத்தான் அது திறக்கும். படி ஏற புள்ளி வேண்டும். ஒரு எலியைக் கொன்றால் இரண்டு புள்ளி. இரண்டாம் படிக்குப் பத்துப் புள்ளி, மூன்றாம் படிக்கு இருபது, நான்காம் படிக்கு நாற்பது என்று ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பாகும். ஐந்தே எலியில் முதல் ஏற்றம் முடிந்துவிடுவதால் யாருக்கும் ஆசை வந்துவிடும். ஒன்பதாம் படிக்கு மொத்தம் ஆயிரத்து இருநூற்று எண்பது புள்ளி. பத்தாம் படிக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. அந்தக் கடைசி ஒரு படிக்கு மட்டும் அறுநூற்று நாற்பது எலிகள்.

தோற்கவே முடியாது என்பதுதான் அவனை எரிச்சல்படுத்தியது. ஒன்பதாம் படி வீரனுக்கு எலியின் கடி நகக்கீறல். வெட்டினாய், கடித்தது, வெட்டினாய், செத்தது என்று வெள்ளை எழுத்துகள் கறுப்புத் திரையில் ஊர்ந்து ஏறும். ஒரு எலிக்கு முக்கால் நிமிடம். திறமை வேண்டாம், யோசனை வேண்டாம், விரல் மட்டும் போதும். மூன்று நாளாக அவன் அந்த ஒரே எலியைத்தான் கொன்றுகொண்டிருந்தான். விட்டுவிடவும் முடியவில்லை, விட்டால் அதுவரை கொன்றதெல்லாம் வீண். நேற்று ஒருமுறை மேசையைக் குத்தியதில் டம்ளர் விழுந்து உடைந்தது.

திரும்பவும் கரண்டி. மூன்று அடி.

கரண்ட் போனால் கம்ப்யூட்டரின் நினைவும் போய்விடும். சித்தூரில் கரண்ட் போகாத நாள் கிடையாது. அதனால் இருபத்தைந்து எலிக்கு ஒருமுறை ஆட்டத்தைக் கேசட்டில் பதிந்து வைப்பான். டேப்ரெக்கார்டருக்கு ஒரு ஒயர் போகும். வீரனின் படி, புள்ளி, உயிர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றும் பூஜ்யமுமாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒரு ஒலி, பூஜ்யத்துக்கு வேறு ஒலி என்று அனுப்பும். நம் காதுக்கு அது முதலில் ஒரு நீண்ட ஊளை. பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். மொத்தம் இருபத்தைந்து விநாடி. ஒரே இடத்தில் மேலே மேலே பதிந்து, அது கெட்டுப்போனால் எல்லாம் போய்விடும் என்று, ஒவ்வொரு பதிவையும் முந்தையது முடிந்த இடத்திலிருந்து தொடங்குவான்.

இப்போது கரண்டி கணக்கில்லாமல் அடித்தது. நான்கு, ஏழு, பத்து. அவன் விரலும் அதே வேகத்தில் சாவியைக் குத்தியது.

"வரேன்னு சொன்னேன்ல? ஒரு அஞ்சி நிமிசம் பொறுக்க மாட்டியா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான்.

அடி ஓய்ந்தது. அவன் நிம்மதியாகக் கொன்றான். இருபது. பன்னிரண்டு. மூன்று. கடைசி எலி செத்ததும் திரை ஒரு நொடி வெளுத்தது. பத்தாம் படி. அவன் வீரனைக் கதவுக்கு நடத்திக்கொண்டு போனான். கதவு திறந்தது. உள்ளே ஒரு பெரிய எலி இருக்கிறது என்றது திரை.

திரையாக வைத்திருந்த டிவியின் பக்கவாட்டில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினான். படம் உருண்டு உருண்டு நின்றது. விரல் முட்டி கிழிந்தது. அப்படியும் பழக்கதோஷத்தில் பதிவுப் பட்டன்கள் இரண்டையும் அழுத்தினான். இருபத்தாறாவது பதிவு. ஊளை, கீறல். அது அடங்கிய பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவனுக்குக் கேட்டது.

ஜீவரத்தினத்தின் தலை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ வெடித்திருந்தது. தலையணை, பனியன், சுவரில் ஒரு கை உயரம் வரை ரத்தம். கட்டில் கம்பியில் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து உள்ளே இரும்பு பளபளத்தது. கரண்டி அவர் கையில்தான் இருந்தது. அதன் கழுத்து வளைந்திருந்தது.

நாலரை மணிக்கு அக்கா லோயிஸ் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தாள். அழுது முடித்து, சுவரைத் துடைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

"ம்" என்றான்.

*

மூத்தவன் தேவானந்தம் மஸ்கட்டிலிருந்து சனிக்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தான். அதுவரை உடலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். கூடத்தில் சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம்; மூன்றரைக்குச் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் செய்து பெட்டியை எடுக்க வேண்டும்.

தேவானந்தம் அப்பாவைப் பார்த்து ஐந்து வருடமாகிறது. ஜீவரத்தினம் பஸ் டெப்போவில் மெக்கானிக். தேய்ந்துபோன ஃபேன் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார்; அதுதான் பிள்ளைகளை அடிக்க. ரப்பருக்குள் நூல் வைத்து நெய்த பெல்ட் அது. தோலில் பட்டால் சிவப்பதில்லை, கறுக்கும். இருபத்தேழு வயதில் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் அடி விழுந்தபோது தேவானந்தம் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். மறு கையால் திருப்பி அடித்தான். அப்பாவின் இடது கடைவாய்ப் பல் இரண்டு சோற்றில் விழுந்தன. மறுநாள் காலை பம்பாய் ரயில் ஏறியவன்தான். தங்கைக்குப் புடவை வந்தது, தம்பிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அப்பா பேருக்கு ஒரு வரி வந்ததில்லை. அப்பாவும் அவன் பேரைச் சொன்னதில்லை.

குரல் போய்விடும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்ன வாரம், ஜீவரத்தினம் லோயிஸைக் கூப்பிட்டு, பெரியவனிடம் பேச வேண்டும், ஒரு கேசட் வாங்கி வா என்றார். அவள் டேப்ரெக்கார்டரைக் கட்டிலில் வைத்து, பட்டன்களை அழுத்திக் கொடுத்ததும் அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டார். உள்ளே என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. திருப்பதியிலிருந்து மஸ்கட் போகிற ஒருவரிடம் அடுத்த மாதம் கொடுத்தனுப்புவதாக இருந்தாள். அப்பா இறந்த சேதியை போனில் சொன்னபோது இதையும் சொல்லியிருந்தாள்.

தேவானந்தம் உடலின் முன்னால் ஒரு நிமிடம்தான் நின்றான். பிறகு அப்பாவின் அறைக்குள் போய், படுக்கை எடுத்துவிட்ட வெறும் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அந்த கேசட்ட எடுத்தா, லோயிசு."

அவள் அலமாரியில் தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு சத்தியநாதனின் மேசைக்குப் போய், டேப்ரெக்கார்டரைத் திறந்து உள்ளேயிருந்த கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சத்தியநாதன் வாசற்படியிலேயே நின்றான்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அங்கே ஒரு துளை விழும். ரெக்கார்டருக்குள் ஒரு நெம்பி அந்தத் துளையைத் தடவிப் பார்க்கும்; துளை இருந்தால் பதிவுப் பட்டன் கீழே இறங்காது. பதிந்ததை யாரும் அழித்துவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. லோயிஸ் கேசட்டின் மேல் பேர் எழுதவில்லை. ஆனால் பல்லை உடைத்து வைத்திருந்தாள். அது போதும் என்று நினைத்தாள். துளையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினால் நெம்பி ஏமாந்துவிடும் என்பது சத்தியநாதனுக்குத் தெரியும். பழைய பாட்டுக் கேசட்டுகளை எல்லாம் அப்படித்தான் அவன் தன் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டான். அப்பா சாவதற்கு மூன்று நாள் முன்னால் இதையும் எடுத்தான். போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்த நேரத்துக்குள் கரண்ட் போய்விடும் என்று கேட்கவில்லை.

ஒட்டியிருந்த காகிதம் இளஞ்சிவப்பு. அப்பாவின் மருந்துச் சீட்டின் ஓரம்.

லோயிஸ் அவனைப் பார்த்தாள். பிறகு கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, டேப்ரெக்கார்டரைக் கட்டிலில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். ஊளை எழுந்தது. பிறகு கீறல்.

"என்னாது இது? மிசின் கெட்டுப்போச்சா?" என்றான் தேவானந்தம்.

"நான்தான் அண்ணா" என்றான் சத்தியநாதன். "தெரியாம அது மேல பதிஞ்சிட்டேன். விளையாட்ட."

முதல் அடி காதின் மேல் விழுந்தது. இரண்டாவதில் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. தேவானந்தம் அவனைச் சட்டையோடு பிடித்துக் கூடத்தின் வழியாக, பாடிக்கொண்டிருந்த பெண்களையும் ஐஸ் தண்ணீரையும் தாண்டிப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான். அப்பா அடிப்பது போலவே அடித்தான். ஒரே இடத்தில், அவசரப்படாமல், திரும்பத் திரும்ப. சத்தியநாதன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். பதினான்கு வரை எண்ணினான். கீழே விழுந்ததும் விலாவில் உதை விழுந்தது; அதை எண்ண முடியவில்லை.

டெப்போவில் அப்பாவோடு வேலை பார்த்த ரங்கையா ஓடிவந்து தேவானந்தத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "வத்து பாபு, வத்து, வேணாம். பொணம் வச்ச வூட்ல போயி..."

தேவானந்தம் அவரை உதறிவிட்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டரோடு வந்தான். தானே அனுப்பியதைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தான். நாலாவது அடியில் அது இரண்டாகப் பிளந்தது. ரப்பர் சாவிகள் சோப்புத் தண்ணீரில் சிதறின. உடைந்த ஓடு அவன் உள்ளங்கையைக் கிழித்து, கல்லின் மேல் ரத்தம் சொட்டியது. அதைப் பார்த்த பிறகும் இன்னொரு முறை அடித்தான்.

பிறகு கல்லின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"அஞ்சி வருசம்டா" என்றான். "என்னா சொன்னாருன்னு இனிமே யாருகிட்ட போயி கேப்பேன்?"

சத்தியநாதன் சுவரைப் பிடித்து எழுந்தான். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான். அறுநூற்று நாற்பதை இருபத்தைந்தால் வகுத்தான். இருபத்தாறு பதிவு. இருபத்தாறை இருபத்தைந்து விநாடியால் பெருக்கினான்.

"அக்கா, நைனா எவ்ளோ நேரம் பேசினாரு?"

"பன்னெண்டு நிமிசம்" என்றாள் லோயிஸ், கதவருகிலிருந்து. "கடியாரத்த பாத்துக்கினுதான் நின்னேன்."

"நான் அழிச்சது பத்து நிமிசம் அம்பது செகண்டு." அண்ணனைப் பார்க்காமல் சொன்னான். "கடைசில ஒரு நிமிசம் இருக்கும். மேலயே இருக்கும்."

வேகமாகச் சுற்றலாம் என்றான் சத்தியநாதன். தேவானந்தம் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றினால் டேப் சிக்கிக்கொள்ளும், உள்ளது அப்படியே ஓடட்டும் என்றான். மூவரும் அப்பாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேவானந்தத்தின் கையில் லோயிஸ் துணி சுற்றினாள்.

ஊளை, கீறல், ஒரு விநாடி மௌனம். ஊளை, கீறல், மௌனம். ஏழாவதில் கூடத்தில் பாட்டு நின்றது. பன்னிரண்டாவதில் யாரோ கதவைத் தட்டி ஐயர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கீறலும் இருபத்தைந்து எலி என்பது சத்தியநாதனுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் அப்பாவின் வாக்கியங்கள் இருந்திருக்கும்; ரெக்கார்டரின் அழிக்கும் முனை பதியும் முனைக்கு முன்னாலேயே போகும், துடைத்துவிட்டுத்தான் எழுதவே தொடங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். இருபத்தைந்தாவது முடிந்தது. இருபத்தாறாவது ஊளை எழுந்தபோது லோயிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கரண்டியின் சத்தத்தைக் கேட்டான். கரண்டி அங்கே இல்லை.

கீறல் நின்றது. டக் என்று ஒரு சத்தம். பிறகு கரகரப்பு. எங்கோ ஒரு சைக்கிள் மணி. யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"...இந்தப் பக்கந்தான் மெல்றது இப்போ" என்றது ஜீவரத்தினத்தின் குரல், தேய்ந்து, காற்றாக. "பழகிப்போச்சி." இருமல். வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. "அவ்ளோதான்டா." திரும்பவும் மூச்சு. "லோயிசு. வந்து நிறுத்தும்மா. எத்த அமுக்கறதுன்னு தெர்ல எனக்கு."

கதவு திறக்கிற சத்தத்தோடு அது முடிந்தது.

தேவானந்தம் துணி சுற்றிய கையால் பட்டனைத் தடவினான். எவ்வளவு பின்னால் சுற்றுவதென்று தெரியாமல் அதிகமாகச் சுற்றிவிட்டான்; ஊளை கிளம்பியது. சத்தியநாதன் கையை நீட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து விட்டான்.

இந்தப் பக்கந்தான் மெல்றது இப்போ.

"இன்னொரு வாட்டி" என்றான் தேவானந்தம்.

நான்கு முறை போட்டார்கள். வெளியே பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவருகிற சத்தம், ஆட்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்கிற சத்தம். தேவானந்தம் எழுந்து, கேசட்டை வெளியே எடுத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"அந்தக் காகிதத்த எடுத்துட்டுக் குடு."

சத்தியநாதன் ஆட்காட்டி விரல் நகத்தால் சுரண்டினான். இளஞ்சிவப்புக் காகிதம் பாதி உரிந்து வந்தது. பாதி பசையோடு ஒட்டிக்கொண்டது. விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தான். உதட்டின் ரத்தமும் சேர்ந்து வந்தது. வெளியே ஐயர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அவன் துளை தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.