ஜெனோவாவில் பத்து நாள் வீடு

ரங்கூன் லான்மடா பேட்டையில் ஜாபர் பாயின் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, ஷாநவாஸ் அந்தப் பதிலை மூன்றாம் முறையாகப் படித்தார். பக்கத்தில் மனைவி நிலோஃபர் உட்கார்ந்திருந்தாள்.

மகன் கமால் வேலை பார்க்கும் கப்பல், பழுதுபார்க்க இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் பத்து நாள் நிற்கப்போகிறது. நாலு வருஷமாகப் பார்க்காத பிள்ளை. அங்கே ஓட்டல்கள் எட்டாத விலை. மூன்று வாரம் தேடி, துறைமுகத்தை ஒட்டி மலிவாக ஒரு சின்ன வீட்டைப் பிடித்திருந்தார். அடுப்பு உண்டு. வாடகையை நேரில் தந்தால் போதும் என்றிருந்தாள் வீட்டுக்காரி. நாளைக் காலை விசாவுக்கு, தங்க இடம் உண்டு என்று அவள் கடிதம் வேண்டும். இன்று பாஸ்போர்ட் நகலை அனுப்பியதும் வந்த பதில் இது:

"பாஸ்போர்ட்டில் இருப்பது ஊ தின் லைங். இத்தனை நாள் எனக்கு எழுதிய ஷாநவாஸ் யார்? தெரியாத ஒருவருக்கு வீடு தர மாட்டேன்."

சர்க்கார் காகிதத்துக்கு ஒரு பர்மியப் பெயர். வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரு பெயர். ரங்கூனில் அதை யாரும் கேட்டதில்லை.

"வீட்டுப் பேரை ஏங்க எழுதுனீங்க?"

"வீடு பிடிக்கத்தானே எழுதுனேன்."

"ஆள் ரெண்டுன்னா வாடகையும் ரெண்டாக்கிடப் போறாங்க பாய்," என்றார் ஜாபர்.

இருவரில் எவனை அவள் வேண்டாம் என்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார் ஷாநவாஸ்.

"மூத்தவ கல்யாணப் பத்திரிகை!" நிலோஃபர் எழுந்தேவிட்டாள்.

அதில் பெண்ணின் அப்பா பெயர் அச்சானது இப்படி: ஊ தின் லைங் என்கிற ஷாநவாஸ். ஒரு பக்கம் பர்மியத்தில், மறுபக்கம் இங்கிலீஷில். இங்கே எல்லார் பத்திரிகையும் அப்படித்தான். சைக்கா ரிக்‌ஷாக்காரரை விரட்டி மிதிக்கச் சொல்லி வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்தாள். ஜாபர் ஸ்கேன் செய்தார். 'இரண்டும் நானே' என்று எழுதி அனுப்பினார் ஷாநவாஸ்.

அரை மணியில் பதில் வந்தது. "கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லையே! இரண்டு பெயரும் போட்டுக் கடிதம் இணைத்திருக்கிறேன். வாசல் மணிக்குப் பக்கத்தில் எந்தப் பெயரை ஒட்டட்டும்?"

ஷாநவாஸ் கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கமால்னே ஒட்டச் சொல்லுங்க," என்றாள் நிலோஃபர். "தேடிக்கிட்டு வரப்போறவன் அவன்தானே."

அப்படியே எழுதினார். கமாலுக்கும் பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்பதை மட்டும் எழுதவில்லை.