வாசல் பல்ப்

பட்டப்பகல் பதினொரு மணிக்கு வாசலில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. பொலிஸ் சார்ஜனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். முற்றத்துச் சாக்கில் மிளகு காய்கிறது, மண்டையைப் பிளக்கிற வெயில், அதற்கு நடுவே ஒரு பல்ப் எதற்கு? கூட வந்த இளம் கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தோளிலிருந்து கைக்கு இறக்கினான். வீட்டுக்காரன் முத்துவீரன் இரண்டு கைகளும் தெரியும்படி படியில் நின்றான். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 2007இல் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவன் அந்த வருஷம் அடையாள அட்டையை மறந்துவிட்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்க மாட்டான்.

"யாருக்கு ஸிக்னல் குடுக்கிற?" என்று சிங்களத்தில் கேட்ட சார்ஜன், சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். பெட்டிசன். கீழே கையெழுத்து இல்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு இந்த வாசலில் விளக்கு எரிகிறது, எட்டரைக்கு அணைகிறது, இது யாருக்கு அடையாளம் என்று விசாரிக்கவும்.

முத்துவீரன் விளக்கினான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கரண்ட் கம்பம் மூன்று மைல் கீழேயே நின்றுவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கம்பம் பேச்சில் மட்டும் மேலே ஏறிவரும். இருபது வருஷம் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, இரும்புக் கிண்ணங்கள் ஒட்டிய சக்கரத்தில் அடிக்கவிட்டு, சக்கரத்தை ஒரு பழைய தண்ணீர் மோட்டரோடு பெல்ட்டால் இணைத்தான். மோட்டர் கரண்ட் தந்தது, சரியாக ஐந்து பல்புக்கு. அந்த ஐந்தும் எப்போதும் எரிந்தாக வேண்டும். ஒன்றை அணைத்தால் அதன் பங்கு மற்ற நாலின் தலையில் ஏறி, அவை வெடித்துவிடும். சக்கரத்தை நிறுத்தினாலோ மோட்டர் மறுபடி கரண்ட் தர இரண்டு நாள் சண்டித்தனம் பண்ணும். அதனால் வீட்டுக்குள் நாலு பல்ப் இரவும் பகலும் எரிந்தன. முத்துவீரனும் மனைவி காத்தாயியும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்கள். ஐந்தாவது பங்கு டீவிக்கு. டீவியை அணைக்கும்போது வாசல் பல்பைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"எட்டு மணிக்கு ஏன்?" என்றார் சார்ஜன்.

அதைத்தான் முத்துவீரனால் சொல்ல முடியவில்லை. எட்டு மணிக்குச் செய்தி. மகள் வேலம்மா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். தமிழ்ப் பிள்ளைகளை லாட்ஜிலிருந்து ஏற்றிப்போனார்கள், பஸ்ஸில் குண்டு என்று செய்தி தொடங்கினால் காத்தாயி உட்கார்ந்திருக்க மாட்டாள். எழுந்துபோய் டீவியை அணைத்து வாசல் பல்பைப் போட்டுவிடுவாள். எட்டரைக்கு நாடகம் தொடங்கும்போது திரும்பவும் மாற்றுவாள். "நீ பாக்காட்டி நடக்காதா?" என்று அவன் ஒருதரம் கேட்டான். "பாத்தா மட்டும் நின்னுருமா?" என்றாள். யுத்தச் செய்தியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று பொலிஸிடம் எப்படிச் சொல்வது?

சார்ஜன் பல்பைக் காட்டினார். "அணை."

"அணைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும் சேர்."

"அணை."

அணைத்தான். உள்ளே நாலு பல்பும் வெள்ளை வெளேரென்று பொங்கி, படார் படாரென்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இளம் கான்ஸ்டபிள் மிளகுச் சாக்கின் மேலேயே குப்புற விழுந்து துப்பாக்கியை நீட்டினான். கீழே ஓடைக்கரையில் சுமை இழந்த சக்கரம் ஊளையிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது பிய்த்துக்கொள்ளும், ஓடிப்போய்த் தண்ணீரை மூட வேண்டும். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் ஓடக்கூடாது. தான் பெற்ற பிள்ளை மாதிரி அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே முத்துவீரன் நடந்துபோய் மூடினான்.

திரும்பி வந்தபோது சார்ஜன் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். "இன்னொரு பெட்டிசன் வந்தா வந்து கேக்க மாட்டேன். ஏத்திக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எழுதியது யார்? முத்துவீரனுக்கு அன்றிலிருந்து வேறு யோசனையே இல்லை. வாசல் பல்ப் நேராகத் தெரிகிற வீடு ஒன்றே ஒன்று. ஓடைக்கு அந்தப்பக்கம், எதிர்ச் சரிவில், மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் இத்ரூஸ் நானாவின் வீடு. சிங்களத்தில் முத்து முத்தாக எழுதுவார். பத்து வருஷமாக முத்துவீரனின் மிளகை வாங்குகிறவர். பெருநாளைக்கு வட்டிலாப்பம் அனுப்புகிறவர்.

"பஸ்ஸுல போறவங்களுக்கும் வளைவுல தெரியுந்தானே" என்றாள் காத்தாயி.

"பஸ்ஸுல போறவன் தெனமும் எட்டு மணிக்கும் எட்டரைக்குமா போறான்?"

மூன்றாம் நாள் இத்ரூஸ் நானாவே வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் நாலு பல்ப்.

"மூணு நாளா ஒங்கட பக்கம் ஒரே இருட்டா ஈக்கி. ஜெஸீமா பயந்துட்டா" என்று மனைவியைப் பற்றிச் சொன்னார். "வாசல்ல சும்மா எரியிற அந்த ஒத்த பல்ப எங்களுக்குத் தாங்களேன். வயர் நான் வாங்குறேன். மண்ணெண்ணப் பொகையில அவக்கு இழுப்பு கூடிட்டு."

கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நாலு பல்ப் என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஊரே ஜீப்பைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிற்று, இவர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தான்.

"ஜீப்பப் பத்திக் கேட்டிருந்தா மட்டும் நல்லவருன்னு சொல்லியிருப்பீங்களா?" என்றாள் காத்தாயி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குடுத்துருங்க. அவுங்க வீட்லயும் எரிஞ்சா அவுங்களே எப்புடி எழுதுவாங்க?"

இந்தப் புத்தி தனக்கு வராமல் போயிற்றே என்று முத்துவீரனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஓடையைத் தாண்டி வயர் போயிற்று. இந்த வாசலில் இருந்த பல்ப் அந்த வாசலுக்குப் போனது. அங்கே இத்ரூஸ் நானா ஸ்விட்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இத மட்டும் அணைச்சிராதீங்க நானா. நீங்க அணைச்சா எங்க வீட்ல எல்லாம் போயிரும்."

"அப்ப ஒங்கட வீடு இனி எங்கட கையிலயா?" என்று அவர் சிரித்தார். முத்துவீரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

டீவிக்குப் பங்கு இல்லாமல் போனதால் அன்று காத்தாயி ஆறு மணிக்கே குசினிப் பல்பை அணைத்து டீவியைப் போட்டுவிட்டாள். எட்டு மணிக்குச் செய்தி தொடங்கியது. எழுந்து ஸ்விட்சு வரைக்கும் போனவளுக்கு, எட்டு மணிக்கு மறுபடி ஒரு பல்ப் எரிவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அதைத் தொடக் கை வரவில்லை. திரும்பி வந்து சத்தத்தைக் குறைத்து, திரையின் மேல் துண்டைத் தொங்கவிட்டாள். துண்டுக்குப் பின்னால் வெளிச்சம் துடித்தது.

முத்துவீரன் இருட்டு வாசலில் உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒற்றை வெளிச்சம் அணைந்தால் முதலில் தன் வீடுதான் வெடிக்கும். கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படித்தானே யாரோ ஒருவர் தன் வாசலையும் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியபோது அவன் சுவரோரமாக நகர்ந்துகொண்டான்.

சட்டென்று எதிரே வெளிச்சம் மறைந்தது.

துள்ளி எழுந்து உள்ளே பார்த்தான். பல்புகள் பொங்கவில்லை, எப்போதும்போல மஞ்சளாக எரிந்தன. ஓடைக்கரையில் சக்கரமும் அதே சுருதியில் சுற்றியது. அப்படியென்றால் அங்கே யாரும் எதையும் அணைக்கவில்லை.

யாரோ பல்புக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், அசையாமல், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.