கெயின் திருகின் கடைசிக் கோடு

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, மரவள்ளிக் காட்டை ஒட்டி நின்ற அந்தக் காரின் டிக்கியைத் திறந்ததுமே ஜெரால்டின் மூக்கில் கருகல் வாடை ஏறியது. பதினாறு வருடமாகக் கார்களுக்கு ஆம்ப்ளிஃபையர் பொருத்துகிறவன். உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெயின் திருகு கடைசிக் கோட்டில் நின்றதைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

“இது யாருங்க வெச்சது?”

“எங்கண்ணனுங்க. திருவிழாவுல எங்க காருதான் ஊரையே தூக்கோணும்னு முறுக்கி வெச்சான்” என்றாள் தனப்பிரியா. அண்ணன் சந்தோஷ்குமார் மலைப்பாதை வளைவில் பைக்கோடு போய்ச் சேர்ந்து மூன்று மாதம். இனிமேல் காரை ஓட்டப்போவது அவள்.

“கெயினை வால்யூம்னு நெனச்சுட்டாருங்க. எல்லாரும் பண்றதுதான்.”

முன் இருக்கையில் அவர்களின் அம்மா பாவாயி. இறங்கவில்லை.

“அவங் கை வெச்ச எடம். தொடாத சாமி.”

“தொடலீன்னா ஸ்பீக்கர் எரிஞ்சிருமுங்கம்மா.”

“நீங்க பாருங்கண்ணா. அம்மா தெனமும் சாவியப் போட்டுக்கிட்டு, பாட்டுகூட இல்லாம உக்காந்து பேட்டரிய எறக்கிப்போடுது” என்று மகள் சலித்துக்கொண்டாள்.

ஜெரால்ட் வரிசை தவறாதவன். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினான். அடித்தொனியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். முன்னாலிருந்த பாட்டுச் செட்டின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டான். கெயினை அடியோடு இறக்கி, ஒலியலையைக் காட்டும் ஸ்கோப் திரையைப் பார்த்தபடி மயிரிழையாக ஏற்றினான். அலையின் உச்சி உருண்டையாக எழும்பிவந்து, ஓரிடத்தில் அரிவாளால் சீவினாற்போலத் தட்டையானது. ஸ்பீக்கரை எரிப்பது அந்தத் தட்டைதான்; அங்கிருந்து கொஞ்சம் பின்னால் திருப்பி நிறுத்தினான். வயர்களை மாட்டிப் பாட்டுப் போட்டான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது.

பாட்டு முடிந்தது. பாவாயி கதவு ஸ்பீக்கரில் காதை வைத்தாள். முகம் வெளுத்தது.

“எம் பையன எங்க சாமி அனுப்பிப்போட்ட?”

“அம்மா…” என்றாள் தனப்பிரியா.

“மூச்சு உட்டுக்கிட்டு இருந்தானே. இப்பக் காணமே!”

கெயின் மிஞ்சினால் பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் கேட்கும். அதை இவள் மூச்சு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தவன், ஸ்பீக்கரைத் தடவும் அந்த விரல்களைப் பார்த்தான்.

மறுபடி டிக்கிக்குப் போனான். திருகைக் கடைசிக் கோட்டிலேயே வைத்தான். செட்டின் வால்யூம் பன்னிரண்டைத் தாண்டாதபடி பூட்டினான். ஸ்கோப்பில் பார்த்தான், உச்சி சீவப்படவில்லை.

“இது சரியான வேலை இல்லீங்க” என்றான் தனப்பிரியாவிடம். “ஆனா பன்னெண்டத் தாண்டாத வரைக்கும் எரியாது.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “போதுங்கண்ணா. எனக்குப் பன்னெண்டே போதும்.”

சரிபார்க்க ஜெரால்ட் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். இரைச்சல் வந்துவிட்டிருந்தது. பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சல் என்றால் ஒரே மட்டமாக இருக்கும். அவன் அறிந்தது அவ்வளவுதான். இது ஏறியது. இறங்கியது. சற்றே தயங்கி மறுபடி ஏறியது. செட்டை அணைத்துப் பார்க்கப் போன கை பாதியில் நின்றது. ஏற்றமும் இறக்கமும் வரவர நீண்டு, சீராகி, அடங்கிக்கொண்டே போயின.

“தூங்கிட்டான்” என்றாள் பாவாயி, உதடு மட்டும் அசைய. “கதவ மெல்லச் சாத்து சாமி.”

ஜெரால்ட் இறங்கி, சத்தம் வராமல், இரண்டு கையாலும் கதவைச் சாத்தினான்.