நாலரைக் கட்டை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நெருங்கிய வாரத்தில் நாகஜோதியின் கைபேசி வயிறு வீங்கி உயிர்விட்டது. பேட்டரி உப்பிப் பின்மூடியைப் பிளந்துகொண்டு நின்றதைக் கண்ட முஹம்மது அனஸ், அதைக் காகிதத்தில் பொதிந்து கடைவாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரியும் தெருவில் கைபேசிக் கடை நடத்துகிறவன் அவன்.

“இனி இதைச் சார்ஜ்ல போட்டா கடையே எரிஞ்சிரும்க்கா. புதுசு வாங்கிருங்க.”

புதிது வாங்கியாயிற்று. பழைய சிம் புதிய உடலுக்குள் புகுந்தது. உறவினர் எண்கள் வந்துவிட்டன. மாவு மில்லுக்கு அரைக்க வருகிறவர்களின் எண்களும் வந்துவிட்டன. தம்பூரா மட்டும் வரவில்லை.

அந்தத் தம்பூரா ஒரு செயலி. காசு கொடுத்து வாங்கியது. ஊருக்கு மேற்கே குன்றின்மேல் நிற்கும் சீனிவாசப் பெருமாளுக்கு, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் அமர்ந்து பாசுரம் பாடும் பேறு நாகஜோதிக்கு ஆண்டுதோறும் வாய்த்துவந்தது. நாளெல்லாம் மில்லில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே நிற்கிற செவிக்கு, தம்பூராவின் நாதம் நீராட்டுப் போன்றது. அது ஒலிக்கத் தொடங்கியதும் அவள் மாவு மில்காரி அல்லள். திருமுன் நிற்கும் அடியாள்.

“தம்பூரா எங்கலே?” என்று கேட்டாள்.

“அதைத் திரும்ப இறக்கணும்க்கா. வீட்டுல போயி பேரைப் போட்டுத் தேடுங்க. வாங்குனதுதானே, சும்மாவே வந்துரும்.”

வீட்டில் தேடினாள். அதே பெயரில் இல்லை. அதே சாயலில் வேறொன்று வந்தது. இலவசம் என்றது. இறக்கிக்கொண்டு, விளக்கேற்றி, பெருமாள் படத்தின்முன் அமர்ந்து கண்மூடினாள். நாதம் எழுந்தது. முதலடி முடிந்து திருநாமத்தை நீட்டிப் பாடவேண்டிய இடத்தில், ஒரு பெண் சிரித்துக்கொண்டே, “வாங்க, ரம்மி ஆடலாம்!” என்று கூவினாள். நாகஜோதி பதறிக் கண்விழித்தாள். ஐந்து விநாடி கழித்து மூடிக்கொள்ளலாம் என்று திரை சொன்னது. திருநாமம் தொண்டையில் நிற்க, ஐந்து விநாடி காத்திருந்து மூடினாள். மீண்டும் தொடங்கினாள். இம்முறை ஆதார் அட்டை இருந்தால் போதும், உடனே கடன் தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றான்.

மறுநாள் மில்லைத் திறக்காமலே அனஸின் கடைக்கு வந்துவிட்டாள்.

“மண்டபத்துல மைக்குக்கு முன்னால இவ ரம்மிக்குக் கூப்பிட்டான்னா, பட்டாச்சாரியார் என்னையக் குன்றுலருந்து உருட்டி விட்டுருவாருலே.”

அனஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடினான். தேடத் தேட அவன் முகம் சுருங்கியது. “பழைய ஆப்பை விக்கிறதை நிப்பாட்டிட்டாங்கக்கா. இப்பம் புதுசா யாரும் வாங்க முடியாது. முன்னாடியே வாங்குனவங்க மட்டும் திரும்ப இறக்கிக்கலாமாம்.”

“நான்தான் வாங்குனவ.”

“ஆமா.”

“அப்பம் அது என்னுதுதானே?”

“உங்களுதுதான்.”

“பொறவு ஏன் தரமாட்டேங்கு?”

“உங்களுதுன்னு அதுக்குத் தெரியணும்லாக்கா.”

வாங்கியவை அடங்கிய பகுதியைத் திறந்து காட்டினான். கோயில் உண்டியலைக் கவிழ்த்துவிட்டுப் போனாற்போல வெறுமையாக இருந்தது. வாங்கியவை எவையும் இல்லை என்று ஒரு வரி. நாகஜோதி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு முறையும் அது அவளைப் பொய்க்காரி என்றது.

நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்த அனஸ், சட்டென்று கையை நிறுத்தினான்.

“அக்கா, தம்பூரா வாங்குன அன்னைக்கு நீங்களும் ராஜபாளையத்து அக்காவும் சேர்ந்துல்லா வந்திய? ஒரு ஐடியில வாங்கினா ரெண்டு போன்லயும் போட்டுக்கலாம், எதுக்கு ரெண்டு செலவுன்னு நான்தான் சொன்னேன். அந்த அக்கா ஐடியில வாங்கி, அதே ஐடியை உங்க போன்லயும் ஏத்திவிட்டேன்.”

“வேலுத்தாய் மதினி ஐடியா?”

“அதுதான்.”

“காசு நான் குடுத்தேனே!”

“காசு நீங்க குடுத்திய. பேரு அவங்களுது.”

தன் வீட்டு விளக்கென்று இத்தனை காலம் ஏற்றித் தொழுதது அடுத்த வீட்டு எண்ணெயில் எரிந்துவந்தது என்று கேட்டவள்போல நாகஜோதி நின்றாள். வேறு யார் பெயராக இருந்தாலும் பொறுத்திருப்பாள்.

வேலுத்தாயும் அவளும் குன்றில் இணைந்தே பாடிவந்தவர்கள். பாசுரத்தின் முன்னிரண்டடியை ஒருத்தி எடுத்தால் பின்னிரண்டடியை மற்றவள் தாங்குவாள். கேட்கிறவர்களுக்கு இரண்டு குரலென்று தோன்றாது. சென்ற புரட்டாசியில், உச்சியில் ஒரு சொல்லைப் பிடிக்கப்போய் வேலுத்தாயின் குரல் உடைந்தது. இறங்கிவரும் வழியில் அவள் மெல்லச் சொன்னாள்: “ஏட்டி, எனக்கு அஞ்சுக் கட்டைச் சுருதி இனி ஏறாது. அடுத்த வருசம் நாலரையில வச்சுக்கிடுவோம்.” படியோரம் துளசி விற்றுக்கொண்டிருந்தவர்கள் காதுபடவே நாகஜோதி மறுமொழி சொன்னாள்: “குரல் எறங்குனவங்க வீட்டுல இருக்கலாம் மதினி. அதுக்காகப் பெருமாளை எதுக்குக் கீழ எறக்கணும்?” அன்றைக்கு ராஜபாளையம் பேருந்தில் ஏறிய வேலுத்தாய் அதன்பின் இந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

“அவங்க ஐடியை இதுல ஏத்தணும்னா பாஸ்வேர்டு வேணும்” என்றான் அனஸ்.

“நீதானே போட்ட?”

“எத்தனை பேருக்குப் போடுதேன், எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? வேற வழி இருக்கு. அவங்க போனுக்குக் கேள்வி போவும், ‘உள்ள வர்றது நீங்கதானா’ன்னு. ஆமான்னு அமுக்கிட்டு, நாம சொல்லுற நம்பரைத் தொட்டாங்கன்னா முடிஞ்சது.”

“நான் பேசமாட்டேன். நீ பேசு.”

அனஸ் தன் கைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டான். அக்கா, தம்பி என்று நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேள்வி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

“தம்பி, இரு இரு. என்னமோ வருது. யாரோ என் கணக்குக்குள்ள நொழையப் பாக்கானாம்.”

“நான்தான்க்கா அனுப்புனேன். ஆமான்னு அமுக்குங்க.”

“அது எப்படி? யாரு கேட்டாலும் அமுக்காதீங்கன்னு பேங்குல சொல்லிருக்காக. போனை எடுத்தாலே அதைத்தான் சொல்லுது. நீ அனஸ்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இல்லைன்னு அமுக்கிட்டேன்.”

நாகஜோதியின் புதிய திரை சிவந்தது. நுழைவு மறுக்கப்பட்டது, பாதுகாப்புக் கருதி, பிறகு முயல்க என்றது. அனஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“எதுக்குத் தம்பி என் கணக்கு உனக்கு?”

“ஜோதியக்கா போன் மாத்திட்டாங்க. தம்பூரா ஆப்பு வரமாட்டேங்கு.”

பின்னணியில் ஏதோ துணி உதறும் ஓசை கேட்டது.

“பக்கத்துலதான் நிக்காளா?”

நாகஜோதி வேகமாகத் தலையசைத்தாள்.

“இல்லைன்னு தலையாட்டுவாளே. அவளையே நேர்ல வரச் சொல்லு. ஆளைப் பாக்காம நான் எதையும் அமுக்கமாட்டேன்.” இணைப்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை நாகஜோதி ராஜபாளையத்துக்குப் பேருந்தேறினாள். வழிநெடுகச் சினம் அவளோடு அமர்ந்து வந்தது. தன் காசு, தன் பாட்டு, தன் பெருமாள். நடுவில் இன்னொருத்தியின் விரல். மேற்கே மலைகள் மேகம் சூடி நின்றதை அன்று அவள் பார்க்கவில்லை.

நூல் மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் வேலுத்தாயின் வீடு. மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணியை மடித்து அடுக்குவது அவள் தொழில். கூடம் முழுதும் வெண்மடிப்புகள் பாற்கடலாய்ப் பரந்திருக்க, நடுவில் அவள் மூக்குக்கண்ணாடியோடு அமர்ந்திருந்தாள்.

“வாட்டி. ஒரு வருசமா வராத ஆளை ஒரு ஆப்பு இழுத்துட்டு வந்துருச்சே.”

“உங்களைப் பாக்க வரலை மதினி. என் தம்பூராவை வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“என் பேருல இருக்கிற தம்பூராவை.”

“காசு நான் குடுத்தேன்.”

“குடுத்த, இல்லைங்கலை. ஆனா அதுக்கு என்னையத்தான் தெரியுது. உன்னையத் தெரியலையே, நான் என்ன செய்ய?”

நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு, அனஸ் காட்டிக்கொடுத்த வழியில் மீண்டும் தொடங்கினாள். அவள் திரையில் இரண்டு இலக்க எண் தோன்றியது. வேலுத்தாயின் கைபேசி மடிப்புகளுக்கு அடியிலிருந்து அதிர்ந்தது. அவள் அதை எடுத்தாள், பார்த்தாள், மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“அமுக்குதேன். ஆனா நாளைக்கு நானும் வருவேன். நாலரையில பாடுவோம்.”

“வேண்டாம். அதுக்கு நான் தம்பூரா இல்லாமலே பாடிக்கிடுவேன்.”

“பாடேன். இங்கயே பாடு, கேக்கேன்.”

அறைகூவலாகவே இருந்தது. நாகஜோதி நின்றபடியே பாடினாள். ஐந்துக் கட்டை அவள் எலும்பில் ஊறியது, துணை வேண்டாம். சொற்கள் ஒன்றையொன்று கைப்பிடித்து வந்தன. சினத்தில் தொடங்கிய பாட்டு மூன்றாம் அடியில் சினத்தை மறந்தது. நான்காம் அடியில் ஆதாரமான சட்ஜத்தில் வந்து இறங்கினாள்.

“விடாத, அந்த எழுத்துலயே நில்லு” என்றாள் வேலுத்தாய். தன் கைபேசியில் தம்பூராவை ஐந்தில் திறந்தாள்.

இரண்டு நாதங்களும் ஒட்டவில்லை. பொருந்தாத கதவும் நிலையும்போல உரசின. நாகஜோதி குரலை மேலே தள்ளிப் பார்த்தாள். நரம்பு புடைத்தது, உரசல் நின்றபாடில்லை. வேலுத்தாய் விரலால் ஒரு கோடு கீழிறக்கினாள். நாலரை. உரசல் கரைந்தது. குரல் எது, தம்பூரா எது என்று தெரியவில்லை.

நாகஜோதி பாட்டை நிறுத்தினாள்.

“உங்க போன் கெட்டுப்போச்சு.”

“ஆமா, போன்தான் கெட்டுப்போச்சு.”

“மில்லுல மோட்டார்ச் சத்தத்துல கத்திக் கத்தி இன்னைக்குத் தொண்டை சரியில்லை.”

“போன வருசமும் சரியில்லைட்டி. நான் ஒடைஞ்சது எல்லாருக்கும் கேட்டுச்சு. கடைசிப் பாட்டுல தம்பூரா ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாப் போனது எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. அதனாலதான் நாலரைன்னேன். எனக்காக மட்டும் கேக்கலை.”

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்த நாகஜோதிக்கு, துளசிக் கூடைகளும் தான் சொன்ன சொல்லும் நினைவுக்கு வந்தன. ஒரு கட்டுத்துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள், கோணலாக வந்தது. வேலுத்தாய் அதை வாங்கி, உதறி, நேராக மடித்து வைத்தாள்.

“சரி, அமுக்கட்டுமா?”

அதற்குள் எண் மறைந்துவிட்டது. நேரம் கடந்தது, மீண்டும் முயல்க என்றது திரை.

“சனியனே!” என்றாள் நாகஜோதி, கைபேசியைப் பார்த்து. மீண்டும் பெயர், மீண்டும் காத்திருப்பு. “அறுபத்திரண்டு மதினி. சட்டுனு.”

“இருட்டி, மூணு நம்பர் காட்டுது. கண்ணாடி எங்க?”

“மூக்குலதான் இருக்கு!”

“இது தூரத்துக்குள்ளது.”

“அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு!”

“கத்தாத. உள்ள வர்றது நீங்கதானான்னு கேக்குது. ஆமா, நான்தான். அறுபத்திரண்டு.” விரல் விழுந்தது.

பழைய பெயர் புதிய கைபேசிக்குள் வந்தது. வாங்கியவை பகுதியில் தம்பூராவின் சின்னம் எழுந்தது. நாகஜோதி அதைத் தொட்டாள். வட்டம் சுழன்று முடிந்து செயலி திறந்தது. அதன் நடுவே ஒரு பலகை: இது சோதனைப் பதிப்பு, முழுவதும் பெற வாங்குக.

“மறுபடியுமா?” என்று இருவரும் ஒரே சுருதியில் அலறினார்கள்.

அனஸை அழைத்தார்கள். “மேல மூலையில மூணு புள்ளி இருக்கும்க்கா. அதுல ‘வாங்கியதை மீட்டெடு’ன்னு இருக்கும். அதைத் தொடுங்க.”

“இதை முன்னாடியே சொல்லுறதுக்கென்னலே?”

“அது கேக்கும்னு எனக்கே இப்பந்தான தெரியும்!”

மூன்று புள்ளியைத் தேடித் தொட, வட்டம் மறுபடி சுழன்றது. நாகஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடை திறக்கும்வரை நிற்பவள் அப்படித்தான் நிற்பாள். பலகை விலகியது. இடையில் யாரும் ரம்மிக்கு அழைக்கவில்லை. யாரும் கடன் தரவில்லை. தம்பூரா ஒலித்தது.

கணக்கோடு கணக்காக, வேலுத்தாய் வைத்திருந்த சுருதியும் வந்திருந்தது. கோடு நாலரையில் நின்றது. நாகஜோதியின் விரல் திரையை நோக்கிப் போயிற்று. வேலுத்தாய் மடிப்பதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் ரொம்ப இருக்கு” என்று சொல்லி, நாகஜோதி ஒலியை மட்டும் குறைத்தாள்.

கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்:

“ஏழு மணி பஸ்ஸுக்கே வந்துருங்க மதினி. பொறவு கூட்டம் ஏறிரும். படியடியில நிப்பேன்.”