செண்பகவடிவின் வலிக்கு என்ன வயது

எங்கள் ஊரில் மூத்தோர் காப்பீட்டு அட்டையை நோயின் பேரில்தான் கொடுக்கிறார்கள். ஆளுக்கு எழுபது ஆனால் மட்டும் போதாது. நோயும் நேரில் வந்து, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து முகம் காட்ட வேண்டும். அதற்கும் எழுபது ஆகியிருக்க வேண்டும். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வைத்தியம் நோய்க்குத்தானே நடக்கிறது? பக்கத்து பிளாக் கோமதிநாயகத்தின் ஆஸ்துமா, அட்டைப் படத்தில் அவரைவிட லட்சணமாக இருக்கிறது.

என் மனைவி செண்பகவடிவுக்கு இடது முழங்காலில் வலி. ஆபரேஷன் செய்தால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அட்டை இருந்தால் அரசாங்கம் செய்துவிடும், இல்லாவிட்டால் எங்களால் ஆகாது. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்களுக்கு இரண்டாம் மாடி. பொங்கலுக்குப் பிறகு அவள் தரையை மிதிக்கவில்லை. கீரை வாங்குவதுகூட மேலே இருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான். கீரைக்காரி முற்றின தண்டாகக் கட்டி அனுப்புகிறாள் என்று அவளுக்கு ஒரு ஆதங்கம்.

"ஒருநா கீழ போயி அவ முன்னாலயே கட்டப் பிரிச்சுப் பாக்கணும்" என்பாள். வேறு எந்த ஆசையையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதல் தடவை அவளை நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கினோம். ஆட்டோவில் காப்பீட்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி வந்திருக்காங்க. வலி எங்க?"

பார்த்தால் வலியைக் காணோம். முழங்கால் பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாக இருந்தது.

"எல்லா வீட்டு வலியும் இப்படித்தான் ஐயா. ஆபீசுன்னா வராது. கூட்டிட்டு வாங்க" என்றாள்.

திரும்பி வந்தபோது அது இரண்டாம் மாடிப் படிமுகப்பில் எங்களுக்காகக் காத்திருந்தது. நயமாகப் பேசிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வராத வண்டிக்காகக் காத்திருப்பதுதான் என் பிழைப்பே. எந்த வண்டியும் என்றைக்காவது வந்துதான் ஆக வேண்டும். இரண்டாம் தடவையும் நாற்காலியில் இறக்கினோம். அது வரவில்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக நாங்கள் முறைத்துக்கொண்டிருந்தபோது செண்பகவடிவுதான் வழி சொன்னாள்.

"அதுக்குப் படிதான் பழக்கம். என்னைத் தூக்கிட்டுப் போனா அது எப்படி வரும்? நான் நடந்து எறங்குதேன். பின்னாலயே வரும்."

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வலி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படி விடாமல் கூடவே இறங்கியது. அவள் அழுதாள், ஆனால் நிற்கவில்லை. நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆட்டோக்காரர் வலிக்கும் சேர்த்து இடம்விட்டு உட்காரச் சொன்னார்.

கவுண்டர் பெண் வலியைப் பார்த்ததும், "ஆங், வந்துட்டுல்லா" என்று கேமராவைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"ஆச்சி, இது வந்து எத்தன வருசம் ஆச்சு?"

"பதினோரு வருசம்."

அவள் கேமராவை மூடினாள். "அப்பம் இதுக்குப் பதினோரு வயசு. சேக்க முடியாது, ஆச்சி. இன்னும் அம்பத்தொம்போது வருசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நியாயமான பேச்சு. ஆனால் நான் கவுண்டரைவிட்டு நகரவில்லை. டெப்போவில் ஒரு வண்டி வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. அதையே செண்பகவடிவிடம் கேட்டேன்.

"இங்க வாரதுக்கு முன்ன இது எங்க இருந்துச்சு?"

"எங்க அம்மைகிட்ட இருந்துச்சு. அம்மை போயி பதினாறு கழிஞ்சு நான் வீட்டுக்கு வந்தேன். இதுவும் கூடவே வந்துட்டு."

கவுண்டர் பெண் தலையாட்டினாள். "அப்படின்னா, அம்மைகிட்ட இத அறிஞ்சவங்க யாராவது வந்து அடையாளம் சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள."

செண்பகவடிவின் தம்பி பிரமநாயகத்துக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருக்கிறான். எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்கு வரலாம் என்று எனக்குத் தெரியாதா? சொன்னேன். உடனே கிளம்பிவிட்டான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு மேல் வலி கண் அசரப் பார்த்தது. தூங்கினால் அது வீட்டுக்குப் போய்விடும். செண்பகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் வலி திடுக்கிட்டு விழித்தது. "போதும்ளா" என்றேன். "நீங்க சும்மா இருங்க. கீரக்கட்ட இன்னும் நான் பிரிச்சுப் பாக்கல" என்றாள்.

பிரமநாயகம் வந்துவிட்டான். உடம்பெல்லாம் மாவு. வந்ததும் தரையில் உட்கார்ந்து, அக்காவின் முழங்காலில் உள்பக்கமாகக் கட்டை விரலை வைத்தான். சின்ன வயதில் தினமும் அவன்தான் அம்மைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். வலி தலை நிமிர்ந்து பார்த்தது.

"அம்மையோடதுதான்" என்றான். "இங்கன அமுக்குனா தொடைக்கு ஏறும். விட்டா கெண்டைக்காலுக்கு எறங்கிரும். பாருங்க."

அமுக்கினான், ஏறியது. விட்டான், இறங்கியது. கவுண்டர் பெண் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டாள்.

"அம்மைக்கு எப்பம் வந்துச்சு?"

"அக்காவப் பெத்த அன்னைக்கு வந்துச்சுன்னு சொல்லுவா."

"அப்பம் ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. எழுபத்திரண்டு" என்று சொல்லிக் கேமராவைத் திறந்தாள். படம் எடுக்கும்போது செண்பகவடிவு வலியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றபோது நர்ஸ் வலியையும் எங்களிடம் ஒப்படைத்தாள். அட்டை அதன் பேரில் இருப்பதால் அதையும் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமாம்.

"இத மறுபடி மாடி ஏத்த மாட்டேன்" என்றாள் செண்பகவடிவு.

பிரமநாயகம் மெல்லத் தொண்டையைச் செருமினான். "அம்மை போனப்பம் நகை, பாத்திரம் எல்லாத்தையும் நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டேன் அக்கா. அம்மையோடதுன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இத நான் கொண்டு போகட்டுமா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மேகம் போட்டா எண்ணெயக் காய்ச்சித் தேய்க்கணும்லே."

"எனக்குத் தெரியாதா?"

வேட்டியை மடித்துக் கட்டி இடது காலை நீட்டினான். வலி தயங்காமல் போய் ஒட்டிக்கொண்டது. பழகின கை.

பத்தியம் எல்லாம் முடிந்தபின் ஒருநாள் அவன் பார்க்க வந்தான். திரும்பும்போது செண்பகவடிவு வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தே வந்தாள். வழியில் கீரைக்காரியை நிறுத்தி, கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் முற்றின தண்டு. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பஸ் வந்தது. கண்டக்டர் பிரமநாயகத்துக்கு டிக்கெட் கொடுத்தார். வலியின் அட்டையைப் பார்த்துவிட்டு, மூத்த குடிமக்கள் இருக்கையில் இருந்தவரை எழுப்பி அதை ஜன்னலோரம் உட்காரவைத்தார். என் மைத்துனனுக்கு இன்னும் வயது ஆகவில்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அதையும் பிடித்துக்கொண்டு நின்றே போனான்.