மூன்றாவது சரக்கறை

“விளக்கை ஆட்டாதீங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டின கைதானே?”

“பஸ்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சாப் போதும். இங்க மூச்சையில்ல பிடிக்க வேண்டியிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மடிமேல் போட்டிருந்த பலகையில் நின்ற மரக்கப்பலின் மேல்தட்டில், விரல்நகம் அளவு உயிர்காப்புப் படகு ஒன்றை இடுக்கியால் இறக்கினாள். கை நடுங்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நடுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் நடுவே கிடைத்த ஒரு கணத்தில் படகு தன் இடத்தில் உட்கார்ந்தது. விளக்குப் பிடித்திருந்த அவள் கணவர், பழைய பஸ் டிரைவர், மூச்சை விட்டார்.

இதயம் இனி நாள்கணக்குத்தான் என்று டாக்டர் போன வாரம் சொன்னபோது, “எத்தனை நாள்னு சொல்லுங்க, படகு நாலு பாக்கியிருக்கு” என்று கேட்டவள் அவள். இது நான்காவது.

தெருவில் அவளுக்கு வெல்டரம்மா என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பத்தொன்பது வயதில், கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். பத்து நாளுக்கு ஒரு சரக்குக் கப்பல் தண்ணீரில் இறங்கிய காலம் அது. ஓய்வுக்குப் பிறகு, தான் கைவைத்த கப்பல்களை ஒவ்வொன்றாக மரத்தில் செய்ய ஆரம்பித்தாள். இரண்டு முழ நீளம். கயிறு, கம்பி, ஏணிப்படி எதுவும் குறையாது. போர்க்கப்பல் செய்து தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். “அதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்காங்க. மூட்டை சுமந்ததை யார் செய்வா?” என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

இது பன்னிரண்டாவது. துறைமுகக் காட்சிக்கூடத்தில் அவள் செய்த வேறொரு கப்பலைப் பார்த்துவிட்டு, மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா இந்தக் கப்பலில் ரேடியோக்காரர். அவள் பிறந்த மூன்றாம் மாதம், குளிர்கடலில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். ‘அப்பா முகம் ஞாபகமில்லை. அவர் இருந்த இடத்தையாவது பார்க்க வேண்டும்.’ இன்று நான்கு மணிக்கு வருகிறாள்.

டிரைவர் விளக்கைத் தாழ்த்தினார். கப்பலின் பக்கவாட்டில், முடியிழை அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.

“மத்ததையெல்லாம் பட்டு மாதிரி இழைச்சிருக்க. இங்க மட்டும் ஏன் இந்தக் கோடு?”

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“மூணாவது சரக்கறை. அந்த வெல்டிங் நான் அடிச்சது. மேல பார்க்க அழகா இருந்துச்சு. உள்ளே சரியா உருகலையோன்னு எனக்குச் சந்தேகம். மேஸ்திரிகிட்டப் போய்ச் சொன்னேன். நல்லாத்தான் இருக்கு, அடுத்ததைப் பாருன்னார். போயிட்டேன்.”

“அதனாலதான் உடைஞ்சுதா?”

“தெரியாது. விசாரணையில இரும்பு மேல தப்புன்னாங்க, குளிர் மேல தப்புன்னாங்க. என் கை மேலன்னு ஒருத்தரும் சொல்லல. அதுதாங்க எனக்குத் தாங்கல.”

ஐம்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. பசைக் குப்பியை எடுத்து மூடினார்.

“அந்தப் பொண்ணு வந்ததும் என் வாயாலயே சொல்லணும். கொஞ்சம் படுக்கிறேன். எழுப்புங்க.”

பலகையை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்தார். இரண்டு மணிக்கு அவர் கஞ்சியோடு வந்தபோது அவள் போயிருந்தாள். முகத்தில் வலி எதுவும் இல்லை. தூங்குகிற பிள்ளையிடம் பேசுவதுபோல இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மகனுக்குப் போன் செய்தார். மகன் சாயங்கால ரயிலில் கிளம்புவதாகச் சொன்னான். டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ரேடியோக்காரரின் மகளுக்கு அறுபது வயதிருக்கும். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டதும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்கய்யா. எனக்குத் தெரியாது. நான் இன்னொரு நாள் வரேன்.”

போகட்டும் என்று விட்டிருக்கலாம். கப்பலைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தால், கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். வெல்டரம்மாவின் நல்ல பேரோடு எல்லாம் முடிந்திருக்கும். செத்தவளைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச எந்தப் புருஷனுக்கு நாக்கு வரும்? ஆனால் அந்தக் கோட்டை இழைத்து மறைக்க, கப்பல் செய்த எட்டு மாதமும் அவளுக்கு நேரம் இருந்தது. அவள் மறைக்கவில்லை.

“உள்ள வாங்கம்மா. அவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தா.”

மேசையருகே நிற்கவைத்துச் சொன்னார். மனைவி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மேஸ்திரி சொன்னதையும், ‘போயிட்டேன்’ என்றதையும் விடவில்லை.

ரேடியோக்காரரின் மகள் கப்பலின் பக்கம் குனிந்தாள்.

“எந்த இடம்?”

காட்டினார். ஆள்காட்டி விரலை அந்த மேட்டின்மேல் வைத்து, மேலிருந்து கீழ்வரை மெல்ல இழுத்தாள்.

“கடல்ல போயிட்டார்னுதான் எங்கம்மாகிட்டச் சொன்னாங்க. அப்புறம் யாரும் எங்களைத் தேடி வந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. இவங்கதான் முதல்ல.” விரலை எடுத்தாள். “அவங்களைப் பார்க்கலாமா?”

கட்டிலருகே போய் நின்றாள். வெல்டரம்மாவின் விரலில் காய்ந்திருந்த பசையைத் தன் நகத்தால் மெதுவாக உரித்தெடுத்தாள்.

“ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க இல்லையா?” என்றாள்.

“ஆமாம்மா. பக்கத்து வீட்டுக்கு இனிமேத்தான் சொல்லணும்.”

கட்டிலைச் சுற்றி மரச்சீவல் சிதறிக் கிடந்தது. அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். கதவிடுக்கில் இருந்த துடைப்பத்தை எடுத்து, குனிந்து, சத்தமில்லாமல் பெருக்கத் தொடங்கினாள். டிரைவர் சமையலறைக்குப் போய் முறத்தை எடுத்துவந்து, முழங்கால் மடக்கி, அவள் தள்ளுவதற்கு வாகாகப் பிடித்தார்.