ஆமாஞ்சாமி வராத வாக்கெடுப்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் மாமனார் நாடாளுமன்றத்துக்குப் போகத் தொடங்கியபோது என் கணவர் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கே முன்தலை வழுக்கை. "அண்ணனோட சேவைக்கு ஒரு மலர் போடுறோம். வீட்லயே எழுத்தாளர் இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்?" என்று கட்சி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பாராட்டுக் கட்டுரை. மருமகள் எழுதினால் எல்லாம் சும்மாதானே.

முதல் வரி இப்படி: "கட்சி கிழித்த கோட்டை ஒருமுறைகூடத் தாண்டாதவர்." பொய்யில்லை. கட்சி 'ஆம்' என்ற மசோதாவுக்கு ஆம், 'இல்லை' என்றால் இல்லை. போன வருஷம் எதிர்த்ததைக் கட்சி இந்த வருஷம் ஆதரித்தால், அவரும் அதே முகத்தோடு ஆதரிப்பார். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. கோபம் வந்தால் அத்தையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் இரண்டாம் வரி எழுதுவதற்குள் மாமா கோட்டைத் தாண்டிவிட்டார். கட்டுரை போச்சு.

2

நல்ல தொடக்கம் ஒன்று வேண்டும்.

*மனசாட்சியின் குரல் அன்று காலை அவரை எழுப்பியபோது வானம்—*

(வேண்டாம். அவரை எழுப்பியது அத்தை. வானத்தை யாரும் பார்க்கவில்லை.)

*மக்களை வதைக்கும் அந்தக் கொடிய மசோதாவை எதிர்த்து—*

(இதுவும் வேண்டாம். அது நல்ல மசோதா. லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குக் கட்டாய ஓய்வு நேரம் தருவது. மாமாவே குழுவில் ஆதரித்துப் பேசியிருக்கிறார். கதாநாயகனாக்கலாம் என்று நான் எங்கே திரும்பினாலும் மனுஷன் வழிவிட மறுக்கிறார்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உடம்பு முடியாமல் வர முடியவில்லை என்றால், எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் அவருக்காக வராமல் இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒன்று குறைந்தால் கணக்கு நேராகிவிடும். இதற்கு 'ஜோடி போடுவது' என்று பெயர். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான்.

மாமாவின் நிரந்தர ஜோடி மீசைக்காரர். எதிர்வரிசை. இருவரும் சபையில் ஒருவரை ஒருவர் கிழித்து நார்நாராகத் தொங்கவிடுவார்கள்.¹ மாமாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மீசைக்காரர் சபைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தார். இப்போது மீசைக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை. அதே நாளில் மசோதா. மாமா ஜோடி போட்டார், கொறடாவும் தலையாட்டினார். கொறடா என்றால் கட்சிக்காரர்களை ஓட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறவர்.

அன்று காலை ஆளுங்கட்சியிலிருந்து, அதாவது மாமா கட்சியிலிருந்து, இரண்டு பேர் அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள்.

¹ வெளியே வந்ததும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்பார்கள். இதை மலரில் போடக் கூடாது என்று கட்சி அலுவலகம் சொன்னது.

4

"அண்ணே, ஜோடியெல்லாம் விடுங்க. ஒரு ஓட்டுல நிக்குது. கிளம்பி வாங்க." கொறடாவின் குரல் சமையலறை வரை கேட்டது.

"வார்த்தை குடுத்துட்டேன்பா."

"அவரு ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல கிடக்கறாரு. அவருக்கு எப்படித் தெரியப்போவுது?"

"முழிச்சதும் முதல்ல அதைத்தான் கேப்பான்."

"அண்ணே, அடுத்த தேர்தல் சீட்டு இன்னும் முடிவாகல. தலைவர் பக்கத்துலதான் இருக்காரு. சொல்லணும்னு சொல்றேன்."

மாமா கைபேசியை மேசைமேல் கவிழ்த்தார். அந்தச் சீட்டு போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அத்தை கதவோரம் நின்று, "உங்களுக்குத்தான் மாட்டேன்னு சொல்லவே வராதே" என்றார். குரலில் கேலியில்லை, பயம்தான் இருந்தது.

ஓட்டுநர் விடுப்பு. நான்தான் காரை எடுத்தேன். சபைக்குத் திரும்பும் முனையில் வேகத்தைக் குறைத்தேன்.

"நேராப் போம்மா" என்றார். நேரே போனால் மருத்துவமனை.

(அந்த இடத்தில் அவர் இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கண்ணாடியை இறக்கினார், அவ்வளவுதான்.)

5

காத்திருப்பு அறையில் மீசைக்காரரின் மனைவி எங்களைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"அண்ணா, நீங்க இங்க என்ன பண்றீங்க? ஓட்டெடுப்பாச்சே!"

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"இன்னும் வெளிய வரல."

சுவரில் தொலைக்காட்சி, சத்தமில்லாமல் சபையைக் காட்டியது. ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து மசோதா விழுந்தது. மாமா தம் கட்சி வரிசையில் காலியாக இருந்த தம் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.²

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மருத்துவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, "நல்லா இருக்காரு" என்றார். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதார். மாமா "அப்பாடா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு அப்பாடாவை நான் கேட்டதே இல்லை. எனக்கும் நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டது போல இருந்தது.

² என் தம்பி பேருந்து ஓட்டுகிறான். மசோதா அடுத்த கூட்டத்தொடரில் திரும்ப வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

மீசைக்காரர் இறந்துவிடுகிறார், செத்தவருக்குக் கொடுத்த வார்த்தையை மாமா காப்பாற்றுகிறார். வாசகர் அழுவார், விருதுகூட வரலாம். ஆனால் மீசைக்காரர் இப்போது கஞ்சியில் உப்பில்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

மாமா கட்சியை உதறிவிட்டு— (உதறவில்லை. கட்சி அட்டை இன்னும் சட்டைப்பையில்.)

மீசைக்காரர் கண்விழித்து, நன்றிக் கண்ணீரோடு மாமாவின் கையைப் பற்றி— இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். நடந்தது வேறு. கண்விழித்ததும் கேட்டார்:

"ஓட்டு போட்டியா?"

"இல்லை."

"லூசாய்யா நீ? உன் இடத்துல நானா இருந்தா போயிருப்பேன்."

மாமா சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எங்களை வெளியே தள்ளினார். திரும்பி வரும்போது கேட்டேன்: "நிஜமாவே போயிருப்பாரா மாமா?"

"போயிருப்பான்மா. எனக்கு அது முன்னாடியே தெரியும்."

இந்தப் பதில் என் கதையை அடியோடு கவிழ்த்துவிட்டது. ஆனாலும் அவரை எனக்கு அன்றுதான் ரொம்பப் பிடித்தது. ஆமாஞ்சாமி என்று நினைத்து இத்தனை வருஷம் வீட்டில் வேறு யாரோடோ இருந்திருக்கிறேன்.

7

இன்று பிற்பகல். மாமா சோபாவில் வாய் திறந்து தூங்குகிறார். சபை நாட்களில் அவர் பகலில் கண்ணை மூடியதை அத்தை பார்த்ததே இல்லையாம். "எழுப்பாத" என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறார்.

மேசையில் கைபேசி அதிர்கிறது. கொறடா. என்ன கேட்பார் என்று தெரியும், காலையில் என்னிடமே சொன்னார்: 'அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லை' என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிப்பு, சீட்டு, மலர் எல்லாம் உண்டு. மலருக்கு என் முதல் வரியும் அப்படியே நிற்கும்.

எடுத்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத்தாளர் சொல்லக் கூடாது. நீங்கள் எடுங்கள். என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் மெதுவாகப் பேசுங்கள். மனுஷன் தூங்கட்டும்.